மூன்றாவது கால்

வளவில் வெயில். பட்டாலையில் இருட்டு.
இரண்டும் ஒரே படத்தில் தெரியணும் என்கிறார்
ஈப்போவிலிருந்து வயிரவன் அண்ணன்.
தங்க வருகிறவர்கள் போனிலேயே பார்த்து
ரூம் போட வேண்டுமாம்.

என் கண்ணுக்குத் தெரிகிறது. காமிராவுக்குத் தெரியவில்லை.
வானத்தைப் பிடித்தால் வீடு கரிச்சட்டி.
வீட்டைப் பிடித்தால் வானம்
நீலம் போடாத வேட்டி.

நான் காரைக்குடியில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறவன்.
என் வெளிச்சமெல்லாம் இரண்டு குடை,
ஒரு வெள்ளைத் திரை,
'தாடையைக் கொஞ்சம் இறக்குங்க'.
எச்.டி.ஆர். என்பதைப் போன செவ்வாய்க்கிழமைதான் படித்தேன்:
ஒரே இடத்தை மூன்று முறை எடு.
வெளிச்சம் குறைவாக ஒன்று, சரியாக ஒன்று, அதிகமாக ஒன்று.
மூன்றையும் கலக்கு.
அதுவரை எதுவும் அசையக் கூடாது.

எதுவும் என்றால்
காமிராவும்தான்.
எண்ணெய் குடித்த ஆத்தங்குடித் தரையில்
ஸ்டாண்டின் மூன்று கால்களும்
பாகம் பிரிக்க வந்த பங்காளிகளாய்
ஆளுக்கொரு பக்கம் போயின.
என் செருப்புகளைக் கழற்றி இரண்டு காலை நிறுத்தினேன்.
மூன்றாவதற்குச் செருப்பில்லை.

முதல் நாள்,
முதல் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் நடுவில்
வளவில் காய்ந்த வடகத்தில் ஒன்றைக்
காக்கை தூக்கிவிட்டது.
கலந்து வந்ததில் அரைக் காக்கை, அரை வடகம்.
அது இருக்கிறது என்று நான் சொன்னால்
இருளாயி தட்டைக் கொண்டுவந்து காட்டுவாள்.

மறுநாள் எல்லாப் பட்டனையும்
வலது கோடிவரை தள்ளினேன்.
தூணுக்குத் தூண் ஒளிவட்டம்.
நிலைக்கதவு லட்சுமிக்கு மினிபஸ் பெயின்ட்.
எட்டிப் பார்த்த இருளாயி கேட்டாள்:
'வீட்டுக்குக் காய்ச்சலா?'

மூன்றாம் நாள் மேகம். பள்ளத்தூர் பஸ்ஸில்
போக வர முப்பத்தாறு ரூபாய் தண்டம்.

நாலாம் நாள் காலையிலேயே உரக்கச் சொன்னேன்:
'பன்னெண்டு மணிக்கு யாரும் அசையக் கூடாது.'
யாரும் அசையவில்லை. காக்கைகூட.
ராத்திரி ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாக்கினேன்.
பட்டாலையின் கிழக்கு மூலை.
குறைவான படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை.
சரியான படத்தில் அரிசி மூட்டை மாதிரி ஏதோ.
அதிகமான படத்தில்
சமையல் சாத்தையா.

சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
மடியருகே தூக்குச் சட்டி.
கையில் பிசைந்த கவளம்
வாய்க்கு நாலு விரற்கடை முன்னால் நிற்கிறது.
காமிராவையே பார்க்கிறார்.
மூன்று படத்துக்கும் அப்படியே இருந்திருக்கிறார்.
அந்த வீட்டிலேயே மிகத் துல்லியமாக விழுந்தது
அவர் கட்டைவிரலில் ஒட்டிய பருக்கை.

நாலு நாளாய் அந்த மூலைக்கு எதிரே
காமிராவை வைத்துக்கொண்டு நின்றவன் நான்.

ஈப்போவிலிருந்து உடனே பதில்:
படம் பிரமாதம் தம்பி.
அந்த ஆளை மட்டும் எடுத்துரு.
மூலை வெளிச்சமாவே இருக்கட்டும்.

முயன்றேன்.
அவர் இல்லாத படத்தில் மூலையும் இல்லை.
மூலை வேண்டும் என்று ஒரு பிடி வெளிச்சம் கூட்டினால்
முழங்கால் வருகிறது. இன்னொரு பிடிக்குத் தூக்குச் சட்டி.
இரண்டு மணிவரை கூட்டியும் குறைத்தும் பார்த்தேன்.
மூலை தெரிந்தபோதெல்லாம்
சாத்தையாவும் தெரிந்தார்.

'சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பேன்ல' என்றார் காலையில்.
'அசையக் கூடாதுன்னுதானே சொன்னீங்க.'
நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.

இன்று மூலை காலி.
அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு வந்துவிட்டாராம்.
மேகமில்லை. வடகத்தின் மேல் இருளாயி வலை விரித்திருக்கிறாள்.
ஒன்று. இரண்டு.
படத்துக்கு வெளியே
வழுக்கும் மூன்றாவது காலைப்
பெருவிரலால் மிதித்துக்கொண்டு,
மூச்சை அடக்கியபடி
சாத்தையா.