பத்தொன்பதாம் எண்ணின் ரொட்டி

துர்க்கு நகரில் ஜனவரி.
ஒன்பதரைக்குத்தான் விடிகிறது.
அதற்குள் நான்
அறுபத்தொரு குழாய்களை எண்ணியிருந்தேன்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சதைத் துணுக்கு.
எறும்பு தூக்கிப் போகும் அளவு.
யாருடைய மூச்சுக்குழலில் இருந்தோ
டாக்டர் ஹில்க்கா கிள்ளி எடுத்தது.
ஓஸ்மோ அதை மெழுகில் புதைத்து,
மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றினான்.
இரத்தக்குழாய் உள்ள இடமெல்லாம்
பழுப்பு வளையம்.

பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
எண்: பத்தொன்பது.
ரொட்டி சுடுகிறவர், மாவை மூச்சில் இழுத்தே
ஆஸ்துமா வந்தவர் என்பதுகூட
ஓஸ்மோவுக்கு வாய் நிற்காததால் தெரிந்தது.

இவ்வளவு சின்ன இடத்தில்
இத்தனை குழாய்கள் இருக்கக் கூடாது.
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கம்புமாவுத் தூள் ஒன்று உள்ளே விழுகிறது.
குழலின் உள்தோல் பதறுகிறது.
இன்டர்லூகின் பதின்மூன்று
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது.
பக்கத்து வீடு அடுத்த தெருவை எழுப்புகிறது.
சைட்டோகைன்கள்
கையெழுத்தில்லாத கடிதங்கள்.
கைமாறும்போதெல்லாம்
ஒரு வரி கூடிவிடும்.
கடைசியாக வி.ஈ.ஜி.எஃப் வந்து
'குழாய் போடு' என்கிறது.
போடுகிறார்கள்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
ஒருவருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை.

எங்கள் தெருவுக்கு அடியில்
நகராட்சியின் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
ஊரெல்லாம் முழங்கால் பனி;
முப்பத்திரண்டாம் எண் வீட்டு வாசலில் மட்டும்
வட்டமாக ஈரத் தரை.
பூனைகள் அங்கே வந்து படுக்கின்றன.
அடியில் ஒழுகுகிறது என்று பொருள்.

அவசரத்தில் போட்ட குழாய் அப்படித்தான்.
சுவர் இறுகும் முன்பே இரத்தம் ஓடுகிறது.
நீர் கசிந்து
சுற்றியுள்ள சதை ஊறிப் பருக்கிறது.
வெளியே விரிய இடமில்லாததால்
வீக்கம் உள்பக்கம் வருகிறது,
காற்று போகும் பக்கம்.

வியாழக்கிழமை
ஆய்வகத்துக்கு ஒரு காகிதப் பை வந்தது.
வட்டமான கம்பு ரொட்டி, நடுவில் துளை.
அந்தக் காலத்தில் கூரைக்கடியில்
கழியில் கோத்து உலர்த்திய வகை.
மேல்தோலில் கத்தியால் கீறி
வேகவைத்திருந்தது: 19.
பையில் ஒரு சீட்டு.
'எத்தனை?'

ஹில்க்கா படித்தார்.
'தனிநபருக்கு முடிவு தெரிவிக்கப்பட மாட்டாது.
ஒப்புதல் படிவம், நான்காம் பக்கம்.
அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.'
பிறகு வெண்ணெய் எங்கே என்று கேட்டார்.

நான் மென்றேன்.
நல்ல புளிப்பு. அடியில் லேசான கருகல்.
இதைச் சுட அவர் இழுத்த மூச்சில்
எத்தனை கடிதங்கள் கிளம்பியிருக்கும்
என்று நினைத்ததும்
விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பன்னிரண்டு வாரம் ஸ்டீராய்டு இழுப்பான்.
ஏப்ரலில் இரண்டாம் துணுக்கு.
குழாய்கள் குறையலாம்.
சிலருக்குக் குறைந்திருக்கிறது.
அதுவரை அதிகாலை மூன்று மணிக்கு
அவர் மாவின் முன் நிற்பார்.
வேறு வேலை தெரியாது என்றாராம்.
இதுவும் ஓஸ்மோ சொன்னதுதான்.

எல்லோரும் போன பிறகு
மீந்த பாதி ரொட்டியையும் வெட்டிய பாதியையும்
மேசைமேல் ஒட்டவைத்தேன்.
மாவு பொங்கி
துளையைப் பாதி மூடியிருந்தது.
விரல் விட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரல் போனது.
மோதிரவிரல் போகவில்லை.