தொட்டிக் கணக்கு

ஆவணி ஏழு: தண்ணீர் பாசிப்பயறு நிறம்.
பதினொன்று: கீரை மசியல்.
பதினைந்தாம் தேதிக்கு உவமை கிடைக்கவில்லை.
கை விட்டால் மணிக்கட்டு தெரியவில்லை
என்று மட்டும் எழுதிவைத்தேன்.

பகலெல்லாம் காரைக்குடியில்
ஊரார் ஐந்தொகையை நேர்செய்து கொடுப்பவள் நான்.
பள்ளத்தூர்க் கொல்லையில் ஆறடிக்கு நாலடித் தொட்டி,
பதினேழு கப்பி, ஒற்றை அல்லி,
இது மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.

படிகாரம் சுழற்றினேன். ஒருநாள் தெளிந்தது,
மறுநாள் முன்னைவிடப் பச்சை.
முழுதும் இறைத்துப் புதுத்தண்ணீர் விட்டேன்,
பாசி அதை விருந்தென்று எடுத்துக்கொண்டது.
"பிளீச்சிங் பவுடர் ஒரு கை போடுங்க ஆச்சி"
மோட்டார் பார்க்க வந்த அடைக்கலம் சொன்னான்.
"மீனு?"
"அது போயிரும்."
அவனைத்தான் போகச் சொன்னேன்.

மதிய வெயிலுக்குத் தென்னங்கீற்று சாத்தினேன்.
நார்ப்பாசியை ஈர்க்கில் சுற்றிச் சுற்றி எடுத்தால்
இடியாப்பம் மாதிரி வந்தது.
எறிந்த இடத்தில் கத்தரிச்செடி கொழுத்தது.
அப்போதாவது யோசித்திருக்கலாம்,
இத்தனை உரம் எந்த வரவில் வருகிறதென்று.
நான் போடுவது காலையில் ஒரு சிட்டிகைத் தீனி.
எழுதியிருக்கிறேன், தேதிவாரியாக.

புரட்டாசி மூன்று. இரவு இரண்டே முக்கால்.
தண்ணீர் குடிக்க எழுந்தேன், பக்கத்துப் பாய் காலி.
கொல்லைக்கதவு ஒருக்களித்திருந்தது.
தொட்டிச்சுவரில் இவர்,
கையில் பன்.
பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்,
மீன்கள் தின்று முடித்து
ஒதுங்கிய பிறகும்.

கடை மூடி ஐந்து மாதம்.
'சாத்தப்பன் ஹார்டுவேர்ஸ்' பலகைதான்
தென்னங்கீற்றுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.
நானே நிறுத்திய பலகை. அன்றுதான் படித்தேன்.

கூப்பிடவில்லை. வந்து படுத்துக்கொண்டேன்.

காலைச் சிட்டிகையை நிறுத்தினேன்.
சாயங்காலம் வாங்கிவரும் பன்னில்
பாதியை நான் தின்றுவிட்டு வைத்தேன்.
ஆகாயத்தாமரை நாலு மிதக்கவிட்டேன்,
வருகிற உரத்தை அதுவும் கொஞ்சம் குடிக்கட்டும்.
வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் கத்தரிக்கு,
அதற்கு மேல் கை வைப்பதில்லை.

ஐப்பசி இரண்டு: பால் விடாத தேநீர் நிறம்.
வாதமரத்து இலை ஊறிய சாயம். இருக்கட்டும்.
அடியில் ஆத்தங்குடிக் கல்லின் பூ தெரிகிறது,
கொத்தனார் தலைகீழாய்ப் பதித்த ஒன்று உட்பட.

செலவுப் பக்கத்தில் விட்டுப்போன இனத்தைச் சேர்த்தேன்:
பன், அரை, இரவு.
யாருக்கு என்ற கட்டத்தில்
மீனுக்கு என்று எழுதினேன்.