இரண்டு கிலோ நானூறு கிராம்

கிதினியா துறைமுகத்துப் பின்தெருவில்
பழந்துணி கிலோக் கணக்கு.
இரண்டு கிலோ நானூறு கிராம்
மகாராணிகளை அள்ளி வந்தேன்.
ஒருத்தியின் பையில்
யாரோ மறந்த பஸ் டிக்கெட்.

சனிக்கிழமை ஏழு பெண்கள். ஏழு வயது.
மேடைக்குச் சுவர்க்காகிதச் சுருள்,
பூப்பக்கம் மேலாக.
கிரேனில் கண்டெய்னர் தூக்கும் கை
ஊசிக்காதில் நூலோடு மல்லாடுகிறது.

"முதல் பரிசு என்ன வைக்கலாம்?"
யாகோதா பல் விழுந்த இடத்தை
நாக்கால் தடவி யோசித்தாள்.
"காலினாவுக்கு நடக்க வெட்கம்மா.
அவ டார்ச் பிடிக்கட்டும்.
அவ அடிச்சாத்தானே
எங்களைத் தெரியும்?"

பட்டியலில் பரிசை அடித்துவிட்டு
பாட்டரி என்று எழுதினேன்.
பெரிய சைஸ், இரண்டு.

பச்சைக் கவுனுக்கு
இன்னும் கொக்கி வைக்கவில்லை.