ஒரு யகரம் கூடுதல்

முதல் அக்ரகாரத்தில்
கேடயங்களுக்குப் பெயர் பொறிப்பவன் நான்.
இந்த ஊரின் பெருமை
சதுர அங்குலம் என்ன விலை என்று கேளுங்கள், சொல்வேன்.

ஐப்பசியில் ஒரு ஆர்டர்.
நல்லோர் பாராட்டு விழா, ஏழு கேடயம்.
பித்தளைத் தகட்டில்
மன்றத்தின் பெயர் கொட்டை எழுத்தில்,
உபயம் தந்த நகைக்கடை அதைவிடக் கொஞ்சம் கொட்டையாக,
பாராட்டப்படுகிறவர்
மிச்சமிருக்கும் இடத்தில்.

வாட்ஸாப்பில் வந்தது பட்டியல்.
ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
முப்பத்தொரு வருடம்
பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் இறக்கிய தஸ்தகீர்.
மழையில் சாலை அறுந்த வாரம்
நாகலூர் ஜீப்பின் பின்சீட்டில்
இரட்டைப் பிள்ளைகளை வெளியே எடுத்த
செவிலி வெள்ளச்சி.
பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில்
கேட்பாரற்றவர்களுக்குக் கோடித்துணி போர்த்தும்
அன்னபாக்கியம்.
எண்பத்தேழு முறை ரத்தம் கொடுத்துவிட்டு
எண்பத்தேழு முறையும் மயங்கி விழுந்த
செவ்வாய்ப்பேட்டை கௌதம்சந்த்.
இன்னும் இரண்டு பேர்.
ஏழாவதாக மாரப்பன்,
எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வால்வு திறப்பவர்.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.
எட்டு நாளைக்கு ஒருமுறை
குழிக்குள் குனிந்திருக்கும் முதுகைத் தெரியும்.

பட்டியலில் அப்படி இருந்ததா
என் விரல்தான் அடித்ததா
இன்றுவரை நிச்சயமில்லை.
தகட்டில் அவர் மாரியப்பன் ஆகிவிட்டார்.
கோட்டை மாரியம்மன் ஊர் இது.
ஒரு கொம்பும் ஒரு யகரமும்
தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அம்மாப்பேட்டை மண்டபத்துக்கு
பாக்கிப் பணம் வாங்கப் போயிருந்தேன்.
'மாரியப்பன், மாரியப்பன்' என்று
மைக் மூன்று முறை கூப்பிட்டது.
மேடையில் ஒரு நாற்காலி காலி.
பக்கவாட்டில், கையில் நாலு பிளாஸ்டிக் சேர்களோடு
சாமியானாக் கம்பெனி ஆள் ஒருவர்
தன் நெஞ்சைத் தொட்டு, 'நானா?' என்றார்.
'வாங்கய்யா' என்றது மைக்.

சேர்களை இறக்கி வைத்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.
பொன்னாடை விழுந்தது. கைதட்டல்.
'இந்நகரின் தாகம் தீர்த்தவர்' என்று வாசித்தார்கள்.
சாயங்காலம் முழுக்க
விருந்தினர் மேஜையில் தான் அடுக்கிய
தண்ணீர் பாட்டில்களை ஒருமுறை திரும்பிப் பார்த்து
சரிதான் என்பதுபோல் தலையாட்டினார் அவர்.

செயலாளருக்குப் புரிந்துவிட்டது.
என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு அவர் பழையபடி சேர் சுமந்தார்.
கேடயத்தை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துவிட்டு
போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை
தன் பெயரைப் படித்துக்கொண்டார்.
பிழையில்லாமல்தான் இருந்தது.

அன்று இரவு இரண்டு மணிக்குக் குழாயில் காற்று சீறியது.
குடங்கள் உருளும் சத்தத்தில்
தெருமுனைவரை நடந்தேன்.
பல்லில் டார்ச்சைக் கடித்தபடி அதே முதுகு.
'விழாவுக்கு வரலையா?'
'பொன்னம்மாப்பேட்டை கேட்டுகிட்ட பைப்பு ஒடைஞ்சு போச்சுங்க.'
நடந்ததைச் சொன்னேன்.
டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்.
'சேர் போடற மாரியப்பனா?
எங்க தங்கச்சி கல்யாணத்துக்கும் அவந்தான் போட்டான்.
இருக்கட்டும் விடுங்க.'

'உங்களுக்கு வேற ஒண்ணு செஞ்சு தர்றேன்.'

'பலகையெல்லாம் வேண்டாங்க.
இந்தக் குழிக்கு ஒரு மூடி செய்வீங்களா?
போன வாரம் ஒரு கன்னுக்குட்டி விழுந்துருச்சு.
அப்புறம், உங்க குடம் வழியுது பாருங்க.'

கால் அங்குல இரும்புத் தகடு, இரண்டு கைப்பிடி.
மன்றம் இதற்குப் பணம் தராது, நானும் கேட்கவில்லை.
திறக்கிறவர் மட்டும் பார்க்கும் அடிப்பக்கத்தில்
எழுத்தெழுத்தாக நாலு முறை சரிபார்த்து
ஒரு யகரம் குறைத்துப் பொறித்தேன்.

மூடி போட்டு இரண்டு மாதமாகிறது.
தண்ணீர் வருகிறது.
பிழை இருக்கிறதா இல்லையா என்று
அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.