இரண்டரை அங்குலம்

கோரிமேட்டில் முஸ்தபா பட்டறையில்
மூன்று நாள் கிடந்து வந்தது வண்டி.
பழைய சைலன்சரைக் கையோடு கொண்டுவந்து
கோழிக்கூண்டுப் பக்கம் போட்டார்.
துருவில் ஏழு ஓட்டை, எண்ணினேன்.
ஒன்றை அடைத்திருந்தது
எங்கள் வீட்டு எண்ணெய் டின்னின் துண்டு,
பச்சைப் பெயிண்ட்கூட முழுசாகப் போகாமல்.

"இரண்டரை இஞ்ச் பைப்பு.
நம்ம சேலத்து உருக்காலை எவர்சில்வர்.
டர்போவுல இருந்து பின்னாடி வரைக்கும் புதுசு.
இனிமே இஞ்சினுக்கு மூச்சு முட்டாது,
லிட்டருக்கு ஒண்ணரை கிலோமீட்டர் கூடும்."
பதினாலாயிரத்து ஐந்நூறு என்பதைச்
சோறு பிசைந்துகொண்டே சொன்னார்,
விழுந்தால் விழட்டும் என்கிற குரலில்.

குழாய் அழகுதான், மறுக்கவில்லை.
பற்றவைத்த இடம் மீன் செதில் போல
ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது.
வளைவில் கொஞ்சம் நீலம்,
கொஞ்சம் வெங்காயத்தோல் நிறம்.
குனிந்து தொட்டேன். சூடு.
விரலை உதறிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அந்த ஏழு ஓட்டை வழியாகத்தான்
பதினோரு வருஷம்
எனக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது.
அவரிடம் சொன்னதில்லை.

பதினான்காம் வளைவில் திணறி
இரண்டாம் கியருக்கு இறங்கினால்
பாரம் அப்படியே திரும்பி வருகிறது:
லீ பஜாரில் மிளகுக்கு விலை படியவில்லை.
தடதடவென்று துள்ளி ஏறினால் காலி வண்டி,
சட்டைப்பையில் பணம், பொட்டலத்தில் கடலை.
பதினேழில் சத்தம் நின்று
வெகுநேரம் கழித்துக் கிளம்பினால்
சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பீடி,
இல்லை அழுகை.
அவர் அண்ணன் போன மாதம்
தினமும் நின்றது.
கேட்டதில்லை.
உலையில் அரிசியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவேன்,
அவ்வளவுதான்.

இப்போது மலை சும்மா இருக்கிறது.
நேற்று தலை குளித்து
முடியை விரித்துக் காயவைத்துக்கொண்டு
யாரும் இல்லை என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தால் வாசலில் வண்டி,
உள்ளே அவர், சிரித்துக்கொண்டு.
எனக்குக் கோபம் ஏன் வந்தது
என்று அவருக்கும் தெரியவில்லை.

காட்டெருமையும் ஏமாந்ததாம்.
பழைய சத்தத்துக்கு
மூன்று வளைவு முன்பே ஒதுங்குகிற கூட்டம்
பம்பர் வரைக்கும் நின்று
மூஞ்சியில் மூச்சு விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது
பைனான்ஸ் குமரகுருவின் பைக்.
ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் படி ஏறி வந்தான்.
"அடிவாரம் செக்போஸ்ட் டீக்கடையில
ரெண்டு வருஷமா உக்காந்திருக்கேங்க்கா.
சத்தம் கேட்டா கிளாஸ வச்சிட்டு எந்திரிச்சிருவேன்.
மூணு வாரமா அந்தச் சத்தமே இல்லைங்களே?
வண்டி ஓடலையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது
அந்த ஒன்றரை கிலோமீட்டர் கணக்கு.

"பட்டறைல நிக்குதுங்க, இஞ்சின் வேல" என்றேன்.
பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.
தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.
கோழிக்கூண்டுப் பக்கம் பார்த்தான்.
சைலன்சரைப் பார்த்தான்.
நல்லவேளை, சாட்சி மாதிரி கிடந்தது அது.

பத்தொன்பதாம் வளைவில்
கலீர், கலீர் என்று மெலிசாக ஒன்று.
பின்கதவுச் சங்கிலி.
முன்பெல்லாம் பெரிய சத்தத்துக்குள்
ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.
அவன் காதுக்கு எட்டவில்லை,
ஆனால் எட்டிவிடும்.

சமையலறைக்கு ஓடி மிக்சியைப் போட்டேன்.

"சட்னிங்களாக்கா?"
"ஆமாங்க."
வெறும் ஜார்
அந்தக் கத்துக் கத்தியது.

நிறுத்தியபோது சங்கிலியும் நின்றிருந்தது.
பைக்கைப் பார்த்திருப்பார்.
எஸ்டேட் பாதைக்குள் ஒதுக்கிவிட்டு
காப்பிச் செடிக்குள் குந்தியிருப்பார்,
அம்பது வயசில்.

அடுத்த வாரம் கட்டிவிடச் சொல்கிறேன் என்று
குமரகுருவிடம் சொன்னேன்.
அது மட்டும் பொய்யில்லை.
எவ்வளவு பாக்கி என்று நானே கேட்டு
காலண்டர் பின்னால் எழுதிக்கொண்டேன்.

இரவு கையலம்பும்போது சொன்னார்:
"பின்கதவுச் சங்கிலி ஆடுது,
முஸ்தபாகிட்ட காட்டணும்."

"அது கெடக்கட்டும்" என்றேன்.