ஐந்து நொடி

வயல்லா.
பெயரில்தான் வயல்.
ஊரில் இரும்பாலை, உப்புக் கடல்,
துவைத்த சட்டையிலும் போகாத செம்புழுதி.
ஏழாம் வகுப்புச் சன்னல் விளிம்பில்
தினமும் என் விரல் ஒரு கோடு கிழிக்கும்.

பதினோரு ஆண்டாகப் பாடம் நடத்துகிறேன்.
ஆனாலும் தொழில் மேம்பாடு என்று
மணிக்கணக்குக் காட்டியாக வேண்டும்.
போன வருடம் ஒரு ஓட்டல் கூடத்தில்
யாரோ ஓட்டிய படங்களைப் பார்த்து
சாண்ட்விச் தின்று கணக்கை முடித்தேன்.
இந்த வருடம் பெனினா அவுவோர்.
கென்யாவில் கிசுமு,
நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு பள்ளி,
ஒரே அறையில் அறுபத்தொரு பிள்ளைகள்.
எனக்கு இருபத்திரண்டு.

ஒப்பந்தம் எளிது:
அவள் வகுப்பின் பதிவை நான் பார்ப்பேன்,
என் வகுப்பை அவள்.
ஆளுக்கு ஒரு பாராட்டு, ஒரு கேள்வி.
அதற்கு மேல் மூச்சுவிடக் கூடாது.

நான் பாராட்டியது:
பட்டியல் பார்க்காமல் அறுபத்தொரு பெயரும் சொல்கிறாய்.
நான் கேட்டது:
தப்பான விடையை ஏன் உடனே அழிக்கிறாய்?
பலகை சின்னது, என்றாள்.
கொஞ்சம் கழித்து, சரி, பார்க்கிறேன், என்றாள்.

அவள் பாராட்டியது என் கையெழுத்தை.
அவள் கேட்டது:
"கேள்வியையும் நீயே கேட்கிறாய்,
பதிலையும் நீயே சொல்கிறாய்.
பிள்ளைகள் எதற்கு வந்திருக்கிறார்கள்?"

அன்றிரவு சோறு இறங்கவில்லை.
பதிவை ஓட்டிப் பார்த்தேன், கைபேசியில் நொடி எண்ணியபடி.
கேட்டதற்கும் சொன்னதற்கும் நடுவே
ஒன்றேகால். சில இடங்களில் அதுவும் இல்லை.
ஒரு தும்மலுக்கே இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஜூன் இருபத்தொன்று.
திடல் நடுவே ஒரு மீட்டர் குச்சி.
பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு அதன் நிழல்
ஒன்றரை மீட்டர் நீண்டு தெற்கே படுத்தது.
காற்றில் குச்சியைப் பிடித்து நின்றவன் கோரி.
பிப்ரவரியிலிருந்து வகுப்பில் வாய் திறக்காதவன்.
பிடி என்றால் பிடிப்பான்.

மறுநாள் மூன்று மணிக்கு அழைப்பு,
அங்கே காலை எட்டரை.
(அந்த அரை மணியில் நான் இரண்டு முறை தடுக்கி விழுந்ததுண்டு.)
அவர்கள் குச்சியும் அதே ஒரு மீட்டர்தான்,
நிழலோ நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.
"ஏன்?" என்றேன், இரண்டு வகுப்பையும் பார்த்து.

திரையில் பெனினா உறைந்தாள்.
தூக்கிய புருவம் தூக்கியபடி நின்றது.
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
யாருக்குச் சொல்வது? அங்கே போய்ச் சேராதே.
ஒன்று.
ஹீட்டர் முனகியது.
இரண்டு.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
மூன்று, நான்கு.
நாக்கு அரித்தது.
ஐந்து.

"ரெண்டு குச்சியும் நேராத்தான் நின்னுச்சு."
பின்வரிசை.
"அப்ப வளைஞ்சது தரைதான், மிஸ்."

கோரி.
அவன் குரல் உடையத் தொடங்கியிருந்தது.
எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

திரைக்கு உயிர் வந்தபோது
அறுபத்தொரு பேரும் ஒன்றாக ஏதோ கத்தினார்கள்.
பெனினாவின் பலகையில்
அழிக்காமல் விட்ட தப்பான எண்கள் மூன்று,
அவற்றுக்குக் கீழே வளைவாக ஒரு கோடு.
அதை வரைந்தது யாரென்று இன்னும் கேட்கவில்லை.

படிவத்தில் மணி நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது.
'கற்றது என்ன' என்ற இடத்தில்
இணைப்பு மோசம் என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடியும் அதையே எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்டில் பள்ளிக்குப் புதுக் கம்பி இழுத்தார்கள்.
இப்போது அவள் புருவம் உறைவதில்லை.
இனி நானாகத்தான் உறைய வேண்டும்,
நாக்கைப் பல்லுக்குப் பின்னால் கட்டி,
செம்புழுதி படிந்த சன்னலைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை அவளுக்கு எழுதினேன்:
இன்று மூன்றில் பேசிவிட்டேன்.
உடனே பதில் வந்தது:
நான் இரண்டில்.