சல்லிசு

கப்பலில் எனக்கு ஒயின் படிப்பித்தவை மிச்சங்கள்.
ஏழாம் மேசைக்காரர் எழுந்து போன பிறகு
பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை நிற்கும்.
என் ஒரு மாதச் சம்பளம் அந்தப் பாட்டில்.
விளக்கணைக்கும் முன் பேன்ட்ரியில் நின்று
நாக்கில் உருட்டிப் பார்ப்பேன்.
தெரிந்தவர்கள் துப்பிவிடுவார்களாம்.
நான் துப்பியதில்லை.

பதினோரு வருஷம்,
ஒரு நீல அட்டை நோட்டு.
ஊர், மலைச்சரிவு, ஆள் பெயர், விலை.
பேர்போன தோட்டத்துக்கு ஒரு வேலி தள்ளி
அதே மண், அதே வெயில்,
லேபிளில் அரண்மனைப் படம் மட்டும் இருக்காது.
அப்படி ஒன்றைத் தேடித்தான்
கரையிறங்கும் நாலு மணி நேரமும் போகும்.
மற்ற பையன்கள் சிம் கார்டும் சென்ட்டும் வாங்குவார்கள்.
ஜெனோவாவில் ஒரு பலசரக்குக் கடை, துடைப்பங்களுக்குப் பின்னால்.
வால்பரைசோவில் பேருந்து நிலையத்தருகே
ஒரு கிழவர், லேபிளே ஒட்டாமல்.
லிஸ்பனுக்கு வெளியே ஒரு கொட்டகை:
கடலோர மணலில் வேர்விட்ட கொடி,
உப்புக்காற்றுக்கு நாணல் தட்டி மறைப்பு.
அதைக் குடித்தபோது
தங்கச்சிமடம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய்.
வந்தது பசி.

இந்த லீவுக்கு
அந்த மணல்காரியிடம் வாங்கிய இரண்டு பாட்டிலை
கைலிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தேன்.

எமரிட்டா பாம்பனில் மீன் ஏலம் எடுக்கிறவள்.
கூடையைக் கவிழ்க்குமுன்னே சொல்வாள்
இது வடகடல், இது தென்கடல் என்று.
பாலத்துக்கு இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் பார்.
ஒரே விளமீன்தான், சட்டியில் இரண்டு ருசி.
யார் வலை, எத்தனை நேரம் ஐஸில் கிடந்தது,
எல்லாம் அவளுக்குச் செவுளில் எழுதியிருக்கும்.

எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினேன்.
மச்சான் சந்தியாகு ஒரே மடக்கில் முடித்து
"கோயில் ரசம் இனிக்கும். இது கோவமா இருக்கு" என்றான்.
அவள் மூக்கருகே பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள்.
"நனைஞ்ச கயிறு."
பிறகு, "வறுத்த புளியங்கொட்டை."
பிறகு, "விளமீனுக்கு ஆகாது, கணவாய்க்கு ஆகும்."
இதையே நான் நோட்டில்
மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

"எவ்வளவு?"
சொன்னேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான்.
ஏழாம் மேசையின் ஒன்றுக்கு
இதில் நாற்பது வாங்கலாம். அத்தனை சல்லிசு.
தம்ளரைக் கீழே வைத்தாள்.
"நல்ல சரக்கு சல்லிசாக் கெடைச்சா
வித்தவளுக்கு அன்னைக்கு என்ன அவசரமோ."

போன ஆனியில், தடைக்காலம் முடிந்து
எல்லாப் படகும் ஒன்றாய்க் கரைதட்டிய காலை.
ஏலத்தில் எடுத்த நண்டு நாலு பெட்டி,
ஐஸ் வண்டி வரவில்லை.
பத்து மணி வெயிலில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டாள்.
வாங்கிய மதுரைக்காரன்
அவள் நிற்கும்போதே போனில் சிரித்தானாம்:
"அள்ளிட்டேன்டா."

லிஸ்பன் கொட்டகையில்
சொன்ன விலையிலிருந்து நான் இரண்டு யூரோ குறைத்துக் கேட்டதும்
பேசாமல் அவள் தலையாட்டியதும்
நோட்டில் இல்லை.
வெளியே வாசலில் ஒரு பலகை இருந்தது,
விற்பனைக்கு என்று.
ஒயினைச் சொல்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

"என்ன, பேச்சக் காணோம்?"
பாட்டிலில் பாதி இருந்தது.
அடுப்பில் கணவாய் சுருண்டுகொண்டிருந்தது.
"வித்தது வித்தாச்சு" என்று
தம்ளரை நீட்டினாள்.
"ஊத்து.
மிச்சம் வைக்காத."